பெரட்டுக்கு நேரமாச்சு

லுணுகலை
11.02.2024

நிரஞ்சலா,

அன்புள்ள என்று தொடங்க மனம் வரவில்லை. பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். போனில் உன் நம்பரைத் தடுத்து வைத்திருப்பது நான்தான். உன் குரலைக் கேட்டால் பேச்சுக்கு முன்னால் கோபம் வந்துவிடும். நான் கத்தினால் அம்மா பயப்படுவாள். எழுதினால் கை கொஞ்சம் நிதானமாகப் போகும் என்று எழுதுகிறேன்.

நேற்று கடையில் மா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். முதலாளி மஹ்ரூப் நானாவின் மகள் றிஸ்னி போனை நீட்டினாள். "அண்ணன், இது உங்க தங்கச்சிதானே? என்னா அழகா ஆடுறாங்க பாருங்க" என்றாள். பார்த்தேன். நீதான். பட்டுச் சேலைக்கு மேலே இடுப்பில் படங்கு கட்டியிருந்தாய், தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் சேலை நனையாமல் கட்டுகிற அதே படங்கு. காலில் சலங்கை. கீழே "பெரட்டுக்கு நேரமாச்சு: மறதி நோய் பற்றிய பரதநாட்டியம், ஒத்திகை" என்று போட்டிருந்தது. உன் மாணவி யாரோ பேஸ்புக்கில் ஏற்றியிருக்கிறாள். நீ நாடியைத் தூக்கிக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்ததும் எனக்கு உடம்பு எரிந்தது. அது அம்மா நிற்கிற நிலை.

தைப்பொங்கலுக்கு வந்த இடத்தில் நீ அம்மாவை விடியற்காலையில் போனில் படம் பிடித்தாய். நான் சத்தம் போட்டேன். லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கிற மாதிரித்தான் போட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. நீ பையைத் தூக்கிக்கொண்டு மட்டக்களப்பு பஸ்சில் ஏறிவிட்டாய். படத்தை அழித்திருப்பாய் என்று நினைத்தேன். நீ அதற்குச் சலங்கை கட்டி ஆட வைத்திருக்கிறாய்.

இங்கே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியுமா? அம்மா இன்னும் கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து படங்கைக் கட்டிக்கொள்கிறாள். பழைய பெரட்டுக் களத்துக்குப் போக வேண்டுமாம், கங்காணி பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்குப் பிரித்து விடுகிற அந்தக் களத்துக்கு. அது இப்போது பொடியன்கள் வொலிபோல் அடிக்கிற இடம். அம்மா வேலையிலிருந்து நின்றதே அவளுக்கு நினைவில்லை. நீ போன மறுநாள் இருட்டில் நடந்து, தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தாள். முழங்கை உரிந்து போயிற்று. அன்றிலிருந்து கதவைப் பூட்டுகிறேன். அவள் உள்ளேயிருந்து தட்டுகிறாள். "நேரமாச்சு, கதவத் தொறங்க, வெரட்டி விட்டுருவாங்க" என்று அழுகிறாள். பக்கத்துக் காம்பராக் குடும்பம் கேட்டால், முழங்கால் வலியில் முனகுகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது றிஸ்னி பார்த்துவிட்டாள். நாளைக்கு லுணுகலையே பார்க்கும். அம்மா தன் மானத்தைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறாள். அதை நாம்தான் காக்க வேண்டும். ஆட்டத்தை நிறுத்து.

புஷ்பராஜ்


மட்டக்களப்பு
20.02.2024

அண்ணனுக்கு,

நீங்கள் பெயரோடு நிறுத்தியதால் நானும் முறையோடு நிறுத்துகிறேன். தோட்டத்து விலாசத்துக்குப் போட்டால் ஆபீசில் கிடந்து ஊறித்தான் வரும் என்று கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன். பதில் போட விருப்பமில்லாவிட்டாலும் முழுதாக வாசியுங்கள்.

பேஸ்புக்கில் போட்டது தவறு. அந்தப் பிள்ளைக்கு ஏசிவிட்டேன், எடுத்தும்விட்டாள். அம்மா விழுந்ததை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கும் அவள்தான் அம்மா.

நான் அவளைக் கேலிப்பொருளாக்கினேன் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் பூட்டுகிறீர்கள், நான் ஆடுகிறேன். இதில் மானத்தைக் காப்பது எது என்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை, கோபத்தில் எழுதுகிறேன், விடுங்கள். நான் என்ன செய்கிறேன் என்றாவது சொல்கிறேன். எங்கள் ஆட்டத்தில் ஒரு வரியை எடுத்துக்கொண்டால் பாடுகிறவர் அதையே திரும்பத் திரும்பப் பாடுவார். ஆடுகிறவள் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றைச் சேர்ப்பாள். நான் எடுத்த வரி, "பெரட்டுக்கு நேரமாச்சு, எம் பேரக் கூப்பிடுங்க." ஒவ்வொரு தடவையும் நான் ஒன்றைக் குறைக்கிறேன். முதலில் படங்கின் முடிச்சு மறந்துபோகிறது, பிறகு கூடைக் கயிறு, பிறகு வழி. கடைசியில் நாடி மட்டும் மேலே தூக்கியபடி நிற்கிறது.

அபிநயம் செய்வதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்கச் சொல்லித்தான் எங்களுக்குப் படிப்பிப்பார்கள். இந்தப் பெண் எங்கே நிற்கிறாள், யாரைப் பார்க்கிறாள், கையில் என்ன இருக்கிறது? அந்தப் படத்தை அப்படித்தான் பார்த்தேன். அவள் இடது கை முடிச்சைப் பிடித்திருக்கிறது. வலது கை தலையில் மாட்டுகிற கூடைக் கயிற்றைச் சரிசெய்கிறது. கண் கொஞ்சம் மேலே போகிறது, உயரத்தில் நிற்கிற ஒருவரைப் பார்க்கிற மாதிரி. அப்புறம் நாடியைத் தூக்கிக் காது கொடுக்கிறாள். யாரும் கூப்பிடுவதில்லை. உடனே முடிச்சிலிருந்து மறுபடி தொடங்குகிறாள்.

அண்ணே, அவள் வழி தவறி அலையவில்லை. வரிசையில் நிற்கிறாள். பிந்தி வந்தவர்களை வேலை கொடுக்காமல் விரட்டி விடுகிற காலத்தில் வேலை செய்தவள் அவள். நீங்கள் கதவைப் பூட்டும்போது அவளுக்கு நேரம் பிந்துகிறது. அதனால்தான் தட்டுகிறாள். யாராவது ஒருவர் உயரத்தில் நின்று அவள் பேரைக் கூப்பிட்டுப் பாருங்களேன்.

நிரஞ்சலா


லுணுகலை
24.03.2024

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட நினைத்தேன். உன் அண்ணி பிடுங்கி வாசித்துவிட்டு, "பூட்டுறதத்தான் பாத்துட்டோம், இதையும் பாப்போமே" என்றாள். அதனால் நடந்ததை எழுதுகிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே.

பக்கத்துக் காம்பரா பொன்னையா மாமாவிடம், கங்காணியாக இருந்த அவர் அப்பா போட்ட பழைய கோட்டு ஒன்று இருந்தது, அதைக் கேட்கப் போனேன். என்னத்துக்கு என்று கேட்டார். முழங்கால் வலிக் கதையை அவரிடம் இனியும் ஓட்ட முடியவில்லை. சொன்னேன். "அட போப்பா, எங்களுக்கெல்லாம் எப்பயோ தெரியும்" என்றார். நான் மாதக்கணக்காகப் பொத்திப் பொத்தி வைத்தது லயத்துக்கே தெரிந்த சங்கதி. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஒரு பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது.

முதல் நாள் கோட்டைப் போட்டுக்கொண்டு படியில் ஏறி நின்று, "பெரட்டுக் கலஞ்சிருச்சு, போங்க" என்றேன். அம்மா அப்படியே உட்கார்ந்து ஒப்பாரி வைக்காத குறையாக அழுதாள். மறுநாள் பௌர்ணமி லீவைச் சாக்காக வைத்து, "இன்னைக்கிப் போயா, வேல இல்ல" என்றேன். "கொழுந்து மண்டிக் கெடக்கு, என்னாங்க போயா?" என்று என்னோடு சண்டைக்கு வந்தாள். நாய்கள் குரைத்து, பிள்ளைகள் எழுந்து, லயமே வாசலுக்கு வந்து சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு பொன்னையா மாமாதான் சொன்னார். வயிற்றுப் பிள்ளைக்காரிகளையும், வீட்டில் சுகமில்லாத பிள்ளை இருக்கிறவர்களையும் ஈரமுள்ள கங்காணிமார் எப்படி அனுப்புவார்கள் என்று. அன்றைய வேலையைச் செய்ததாக அவர்கள் பேரைப் பதிந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அப்படியே செய்தேன். "வேலாயி!" என்று அம்மாவின் பேரைக் கூப்பிட்டேன். "இருக்கேங்க!" என்றாள், சின்னப் பெண் மாதிரி. "பேர் போட்டாச்சு. வீட்டுக்குப் போயி புள்ளயப் பாரு" என்றேன். முகம் மலர்ந்துபோயிற்று. படங்கை அவிழ்த்து, நாலாக மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துத் தூங்கினாள்.

இப்போது கதவைப் பூட்டுவதில்லை. பண்டாரவளைக்குச் சாமான் எடுக்க நான் விடியுமுன்னே போகிற நாளில் பொன்னையா மாமா கூப்பிடுகிறார். அவருக்கு இழுப்பு, பாதிப் பேர்தான் வெளியே வரும், அது போதும் அம்மாவுக்கு.

நீ சொன்னது சரியாகிவிட்டது என்று துள்ளாதே. இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஒருநாள் வாய் தவறி, கோட்டோடு நின்று, "அம்மா, உள்ள போங்கம்மா" என்றுவிட்டேன். அவள் நடுங்கிப்போய், "என்னாங்க கங்காணி, என்னையப் போயி அம்மாங்கிறீங்க" என்றாள். அதற்குப் பிறகு பகலிலும் நான் அவளுக்குக் கங்காணிதான். கடையிலிருந்து வந்து முன்வாசல் இஸ்தோப்பில் கால் வைத்தால் எழுந்து நிற்கிறாள். தலையில் துண்டைப் போட்டுக்கொள்கிறாள். நான் உட்காரச் சொன்னாலும் உட்காருவதில்லை. என்னைப் பெற்றவள், நான் வீட்டுக்குள் வந்தால் எழுந்து நிற்கிறாள், நிரஞ்சலா. எனக்குச் சோறு இறங்கவில்லை. இதற்கு உன் அபிநயத்தில் என்ன இருக்கிறது?

புஷ்பராஜ்


மட்டக்களப்பு
16.04.2024

அண்ணே,

வருடப் பிறப்புக்கு வர நினைத்து, வரச் சொல்லி நீங்கள் எழுதவில்லையே என்று நின்றுவிட்டேன். பால்சோறு கூட வைக்கவில்லை. உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியை வாசித்த பிறகு எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. நான் சொல்லித்தானே கோட்டைப் போட்டீர்கள்.

யோசித்து எழுதுகிறேன், சரிவராவிட்டால் ஏசுங்கள். எங்கள் ஆட்டத்தில் மேடையில் ஒரே ஆள்தான். அவளே தாயாகவும் இருப்பாள், பிள்ளையாகவும் இருப்பாள். பார்க்கிறவர்கள் குழம்பக் கூடாது என்பதற்காகச் சில காரியங்கள் செய்வோம். தாயாக நின்ற இடத்தில் பிள்ளையாக நிற்க மாட்டோம். ஒரு சுற்றுச் சுற்றி மறுபக்கம் போவோம். பார்வையின் உயரத்தையும் மாற்றுவோம். தாய் கீழே பார்ப்பாள், பிள்ளை மேலே பார்க்கும். இதெல்லாம் பழகுநர் வகுப்பிலேயே சொல்லிக் கொடுப்பது.

நீங்கள் கங்காணியாக எங்கே நிற்கிறீர்கள்? முன்வாசல் படியில். மகனாக எந்த வழியாக வருகிறீர்கள்? அதே முன்வாசல். அவள் நிமிர்ந்து பார்க்கிற உயரத்திலேயே வந்து நிற்கிறீர்கள். அவள் குழம்பாமல் என்ன செய்வாள்? மகனாக வருகிற நேரம் பின்னால் இறக்கிக் கட்டின குசினி வழியாக வாருங்கள். கோட்டு அவள் கண்ணில் படக் கூடாது. கையில் மகன் கொண்டுவருகிற எதையாவது கொண்டு வாருங்கள். வந்ததும் அவளைவிடத் தாழ்வாக உட்காருங்கள். அடுப்படிப் பலகை இருக்கிறதே, அதில்.

இனி என் விஷயம். ஆட்டம் ஆகஸ்டில் பதுளையில் நடக்கிறது, பின்னேரம் நாலு மணிக்கு. மண்டபம் கிடைத்துவிட்டது. முடிவு இப்படி இருக்கிறது: எல்லாம் குறைந்து குறைந்து போய், அவள் நாடியைத் தூக்கிக் காத்திருக்கிறாள், யாரும் கூப்பிடவில்லை, வெளிச்சம் அணைகிறது. ஒத்திகை பார்த்தவர்கள் இதை மாற்றாதே என்கிறார்கள். ஆனாலும் நீங்கள் வேண்டாம் என்றால் நிறுத்துகிறேன். மனதோடுதான் சொல்கிறேன். கோபத்தில் சொல்ல வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள்.

ஒரு கேள்வி. அம்மா என்னைப் பற்றி எப்போதாவது கேட்கிறாளா? பக்கத்தில் இருக்கிற உங்களையே கங்காணி என்கிறாள். தூரத்தில் இருக்கிற நான் முதலில் அழிந்துபோயிருப்பேன் என்று பயமாக இருக்கிறது. பஸ் பயணத்துக்குச் சலங்கையைத் தன் கொழுந்துக் கூடைக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து, சனிக்கிழமைகளில் என்னைப் பதுளை வகுப்புக்கு ஏற்றி விட்டவள் அவள்.

நிரஞ்சலா


லுணுகலை
02.06.2024

தங்கச்சிக்கு,

பதில் பிந்திவிட்டது. வெலிமடைப் பக்கம் மழையில் மரக்கறி லொறி எதுவும் நேரத்துக்கு வரவில்லை, கடையில் எனக்கு இரட்டை வேலை.

கோட்டை விறகு மறைப்புக்குள் கொண்டுபோய் மாட்டினேன். கையில் தேத்தண்ணிக்கான பாணோடு குசினி வழியாக வந்து பலகையில் உட்கார்ந்தேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். "வந்துட்டியா ராசா? கால் கழுவுனியா?" என்றாள். கழுவப் போகிற மாதிரி எழுந்து, தண்ணி பிடிக்கிற பீலிக்கரைக்குப் போய் அழுதேன். எழுதிவிட்டேன், இனி இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே.

எல்லா நாளும் நடக்கும் என்று நினைக்காதே. சில நாள் நான் மகன். சில நாள் பாண் கொண்டுவருகிற ஆள். ஒருநாள் அப்பாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, பொழுதோடு வீட்டுக்கு வரத் தெரியாதா என்று திட்டினாள். எழுந்து நிற்பது மட்டும் நின்றுவிட்டது. பதுளை ஆஸ்பத்திரி டொக்டரிடம் இதைச் சொன்னேன். இது குணமாகிற வியாதி இல்லை, ஆனால் இப்படியே செய்யுங்கள் என்றார்.

உன்னைப் பற்றிக் கேட்கிறாளா என்று கேட்டிருந்தாய். பொய் சொல்ல மாட்டேன். கேட்கவில்லை.

ஆட்டத்தைப் பற்றி. நீ என்னிடம் கேட்டது எனக்குப் பெரிய காரியம். அதனால் றிஸ்னியிடம் சொல்லி, உன் மாணவி எடுத்து வைத்திருந்த ஒத்திகைப் படம் முழுவதையும் கேட்டு வாங்கிப் போட்டுக் காட்டச் சொன்னேன். கடைசிவரை பார்த்தேன். நன்றாகத்தான் ஆடுகிறாய். ஆனால் முடிவு பொய்.

நீ எழுதினதும் அப்படித்தான், ஆடினதும் அப்படித்தான். அம்மா தனியாக நிற்கிறாள், யாரும் வரவில்லை, இருட்டாகிறது. எந்த நாள் அப்படி நின்றாள்? கானுக்குள் விழுந்த அன்று அவளைத் தூக்கியது யார்? நான் கதவைப் பூட்டின நாட்களில் அவள் அந்தப் பக்கம் தட்டினாள், நான் இந்தப் பக்கம் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். இப்போது இழுப்புக்காரக் கிழவர் ஒருவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்து அவள் பேரைக் கூப்பிடுகிறார். உன் அண்ணி அவளைக் குளிப்பாட்டுகிறாள், அவளிடம் அடியும் வாங்குகிறாள். உன் மேடையில் இந்த ஆட்கள் எங்கே? மறந்தவளை ஆடினாய். மறக்காதவர்களைத் துடைத்து எடுத்துவிட்டாய். மட்டக்களப்பில் உட்கார்ந்து பார்த்தால் அம்மா தனியாகத்தான் தெரிவாள், ஏனென்றால் அங்கே நாங்கள் இல்லை.

ஆடு, தடுக்க மாட்டேன். ஆனால் நான் வரப்போவதில்லை. அம்மாவையும் கூட்டி வர மாட்டேன்.

புஷ்பராஜ்


மட்டக்களப்பு
14.07.2024

அண்ணே,

உங்கள் கடிதத்தை வாசித்து முதலில் எழுதிய பதிலைக் கிழித்துவிட்டேன். அது ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. வியாதியில் ஆறுதல் கிடையாது, ஆட்டத்தில் மட்டும் ஏன் ஆறுதல் வைக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்தேன். உங்களுக்குச் சொன்ன பதிலாக இல்லை, வகுப்பில் பேசினது மாதிரி இருந்தது.

நீங்கள் சொன்னது என்னைக் குத்திவிட்டது. சரியாக இருந்ததால் குத்தியது. முடிவை மாற்றப் பார்த்தேன். கங்காணியின் குரலைப் பதிந்து ஒலிபெருக்கியில் விட்டுப் பார்த்தேன், பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. நானே ஒரு சுற்றுச் சுற்றிக் கங்காணியாக நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். அம்மாவாக நின்று அதைக் கேட்க வேண்டியவளும் நான்தானே. நானே கேட்டு நானே பதில் சொன்னால் அது பைத்தியம் பேசுவதாக முடிகிறது. மாணவி ஒருத்திக்குக் கோட்டுப் போட்டுப் பார்த்தேன், மாறுவேடப் போட்டி ஆகிவிட்டது. மேடையில் இல்லாத ஒருவரைக் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. ஆகவே பழைய முடிவுதான் நிற்கிறது. அது பொய் என்று தெரிந்தே ஆடப்போகிறேன், அண்ணே. சந்தோஷமாக இல்லை.

போன வாரம் மண்டபம் பார்க்கப் பதுளைக்குப் போனேன். பஸ் லுணுகலையில் நின்றது. யன்னலால் உங்களைப் பார்த்தேன். தோளில் மூட்டையோடு மஹ்ரூப் நானாவிடம் எதற்கோ வாதாடிக்கொண்டிருந்தீர்கள். முடி நரைத்திருக்கிறது. இறங்க எழுந்தேன். நீங்கள் எல்லார் முன்னாலும் மறுபடி கத்திவிட்டால் என்ன செய்வது என்று உட்கார்ந்துவிட்டேன். பசறை வருமட்டும் அழுதுகொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் வாந்தி வருகிறதா என்று கேட்டுத் தேசிக்காய் தந்தார்.

ஆகஸ்ட் 24, சனிக்கிழமை. கதவோரமாக மூன்று கதிரை ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இடையில் எழுந்து போவதென்றால் யாரையும் தாண்ட வேண்டியதில்லை. வராவிட்டாலும் ஏன் என்று கேட்க மாட்டேன்.

நிரஞ்சலா


லுணுகலை
28.08.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

அன்றைக்கு மேடைக்குப் பின்னால் உன்னைச் சுற்றிச் சனம். உன் மாணவிகளை ஏற்றிக்கொண்டு பஸ் ஹோன் அடித்துக்கொண்டு நின்றது. அம்மா உன் கன்னத்தைத் தடவி, "நல்லா ஆடுன புள்ள, சாப்புட்டியா?" என்று மட்டும் கேட்டாள். உன்னை யாரென்று தெரியாமல்தான் கேட்டாள். உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். நீ மேடையில் நின்றதால் உனக்குக் கேட்காத பேச்சு ஒன்று இருக்கிறது.

வருகிறதாகவே இல்லை. உன் கடைசிக் கடிதத்தை வாசித்த உன் அண்ணி, "பஸ்ஸுல இருந்து எறங்கப் பயப்புடுற அளவுக்கு வெரட்டி வச்சிருக்கீங்களே" என்று பிடித்துக்கொண்டாள். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். மஹ்ரூப் நானா தன் வேனைக் கொடுத்தார். பசறை வளைவுகளில் அம்மா இரண்டு தரம் வாந்தியெடுத்தாள். அதனால்தான் பிந்தி வந்தோம்.

மண்டபத்தில் விளக்கை அணைத்ததும் அம்மாவுக்கு விடியற்காலை ஆகிவிட்டது. கை இடுப்புக்குப் போய்விட்டது. இல்லாத முடிச்சைத் தேடினாள். நான் கோட்டுப் போடவில்லை, இருட்டில் அது அவளுக்குத் தெரியவுமில்லை. என் பக்கம் திரும்பி, "வந்துட்டேங்க" என்றாள். வெளியே கூட்டிப் போய்விடலாம் என்று அண்ணி எழுந்தாள். அதற்குள் பாட்டுத் தொடங்கி, நீ வந்து நின்றாய். அம்மா உன்னையே பார்த்தாள். நீ ஒவ்வொன்றாக மறக்க மறக்க அவள் முன்னால் குனிந்துகொண்டே போனாள். நீ கூடைக் கயிறு இல்லாமல் நின்றபோது, "ஐயோ, கயித்த விட்டுட்டாளே" என்றாள். பின்வரிசைக்காரர்கள் ஸ்ஸ் என்றார்கள். நான் திரும்பி முறைத்தேன், அடங்கிவிட்டார்கள்.

கடைசியில் நீ நாடியைத் தூக்கிக்கொண்டு நின்றாய். பாட்டு நின்றுவிட்டது. இனி வெளிச்சம் அணையும் என்று எனக்குத் தெரியும். அம்மா என் கையைப் பிடித்தாள். "கங்காணி, அந்தப் புள்ள ரொம்ப நேரமா நிக்கிதுங்க. அதுக்கும் பேர் போட்டு அனுப்பிருங்க. பாவம்" என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழவில்லை. வேலாயி என்று கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் பக்கத்தில் இருக்கிற வேலாயி "இருக்கேங்க" என்று எழுந்து வாசலுக்கு நடந்துவிடுவாளே என்று அந்த நேரத்தில் தோன்றியது. அதனால்தான் உன் பேரைக் கூப்பிட்டேன். "நிரஞ்சலா! பேர் போட்டாச்சு! வீட்டுக்கு வா!" என்று. தைப்பொங்கலுக்குப் போட்ட சத்தத்தை விடப் பெரிய சத்தம் என்று அண்ணி சொல்கிறாள். போ என்றுதான் கங்காணி சொல்ல வேண்டும். எனக்கு வா என்று வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நீ செய்ததை மண்டபமே பார்த்தது. நீ அழுதுகொண்டே படங்கை அவிழ்த்து, நாலாக மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் போகாமல் முன்படியால் இறங்கினாய். விளக்குப் போடுகிற ஆள் அணைக்க மறந்துவிட்டான். சனம் எழுந்து நின்று கைதட்டியது. முடிவு எனக்குப் பிடித்திருந்தது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் அம்மா பேசினதுதான் உனக்குச் சொல்ல வேண்டியது. என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"அந்தப் புள்ள பேரு நிரஞ்சலாவா? எம் மக பேரும் அதாங்க. அவளும் ஆடுவா."

"அப்பிடியா? எங்க இருக்கா?" என்று கேட்டேன்.

"மட்டக்களப்புல. அண்ணங்காரன் ஏசிப்புட்டான், அதான் வீட்டுப் பக்கமே வரமாட்டேங்கிறா. அவென் கோவக்காரன், மனசுல ஒண்ணும் இல்லீங்க. நான் சொன்னா எங்க கேக்குறான்? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க கங்காணி. நீங்க சொன்னா கேப்பான்."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கங்காணி சொல்லிவிட்டார், தங்கச்சி. உன் அண்ணனும் கேட்டுக்கொண்டான். போனில் உன் நம்பரைத் திறந்துவிட்டேன். வருகிற விடுமுறைக்கு லுணுகலையில் இறங்கு, பஸ்சுக்கு நானே வந்து நிற்கிறேன். வீட்டுக்குக் குசினிப் பக்கமாக வா. பலகையில் உனக்கு இடம் இருக்கிறது.

உன் அண்ணன்
புஷ்பராஜ்